காலி என்றால் காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தப்பே செய்யமாட்டேன் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. பஸ் போய்விட்டால் டிரைவருக்கு அவசரம். பதினொரு வருஷக் குடித்தனத்தில் “தப்பு என்மேலதான்” என்று என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. வரவைக்க என் வீட்டுக்காரர் படாத பாடு பட்டிருக்கிறார்.

அவர் பாடுபடுகிற விதம்தான் எனக்கு எரிச்சல். சண்டை என்று வந்தால் மனுஷக் குரலில் பேசமாட்டார், வாத்துக் குரலில் பேசுவார். அதுதான் அவர் தொழில். பிள்ளைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றில் குளத்து வாத்துக்கு இத்தனை வருஷமாக அவர்தான் குரல். “ஆமாங்க மேடம், தப்பெல்லாம் அடுப்பு மேலதான், குவாக்!” என்று அவர் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் விடமாட்டேன், அதே குரலில் திருப்பிக் கொடுப்பேன். பதினொரு வருஷம் கேட்டால் சுவருக்குக்கூட அந்தக் குரல் வந்துவிடும்.

நான் வேலை பார்ப்பதும் அதே ஸ்டுடியோவில்தான். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார். கத்தியதை எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக உட்கார வைப்பது இந்தப் பக்கம் என் வேலை. சர்வர், டிஸ்க், பேக்கப் எல்லாம் என் பொறுப்பு. மௌஸைத் தொடமாட்டேன். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேனா, வேலை முடிந்ததா என்று இருப்பேன். படத்தைத் தேடித் தேடிச் சொடுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அந்த இளக்காரத்துக்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் அவர் குரல் கரகரத்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி என்றார். பயப்படும் ஜாதிக் கட்டி இல்லையாம், ஆனால் எடுத்தே ஆகவேண்டுமாம். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்.

“சாதாரணமாப் பேசுறதுக்கு ஒண்ணும் குறை வராது. அந்த வாத்து திரும்ப வருமான்னு கேட்டா, என்னால சத்தியம் பண்ண முடியாது” என்றார் டாக்டர்.

தொடரில் இன்னும் மூன்று பாகம் பாக்கி. இவர் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி சனி, ஞாயிறு இரண்டு நாள் வாங்கினார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு சொல்கூடக் கூடாது, தும்மினால்கூட மெதுவாகத் தும்ம வேண்டும் என்று நிபந்தனை. அந்த இரண்டு நாளும் மனுஷன் வெந்நீரும் கையுமாக நின்று மூன்று பாகத்தையும் பேசி முடித்தார். எங்கள் டைரக்டர் அம்மாவுக்கு ஸ்டுடியோவில் ‘ஒன்மோர்’ என்று பெயர். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் “ஒன் மோர்” கேட்காமல் விடமாட்டார். அவரே அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி டேக்குக்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார். வாத்து இனி வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும். அந்த இரண்டு நாள் ஒலிப்பதிவுதான் கையில் இருப்பது. அது என் பொறுப்பில் இருந்தது.

திங்கட்கிழமை காலை சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த தொடருக்கு ஆட்கள் வந்து மைக் முன்னால் நிற்கிறார்கள், பதிவாக மாட்டேன் என்கிறது. ஒன்மோர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“என்னம்மா, எடம் இல்லங்குது?”

“அரை மணி நேரம் குடுங்க மேடம். எடம் என்ன எடம், ஒரு மைதானமே போட்டுத் தர்றேன்.”

வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அலமாரியைத் திறந்தேன். மூன்று டிஸ்க் இருந்தன, மூன்றும் ஒரே அளவு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவில் எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் சவுண்ட் இன்ஜினியர். அவரை எல்லோரும் ‘சுருக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு சொல்லில் சொல்வதை ஒரு சொல்லில் சொல்வார், ஒரு சொல்லில் சொல்வதைத் தலையை ஆட்டிச் சொல்வார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதே “எனக்கு” என்று மட்டும் சொல்லி நீட்டிய ஆள். அன்றைக்கும் மறுநாளும் லீவு.

முதல் டிஸ்க்கில் ‘புதுசு’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘காலி’. மூன்றாவதில் ‘சும்மா’.

புதுசு, சரி. காலி, அதுவும் சரி. சும்மா என்றால் என்ன? சும்மா இருக்கிறதா, சும்மா வைத்திருக்கிறாரா, சும்மா எழுதிப் பார்த்தாரா? நம்மால் ஜோசியம் பார்க்க முடியாது என்று அதை அங்கேயே வைத்துவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துச் சர்வரில் சொருகினேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு டிஸ்க்கைத் தனித்தனியாக வைத்தால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று அல்லாட வேண்டும். அதனால் இரண்டையும் ஒரு வால்யூம் குரூப்பில் சேர்த்துவிடுவோம். இரண்டு குடம் தண்ணீரை ஒரே தொட்டியில் ஊற்றுகிற மாதிரி. பிறகு அந்தத் தொட்டியிலிருந்து வேண்டிய அளவுக்கு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ‘இது குரூப்புக்கு’ என்று ஒரு முத்திரை குத்தவேண்டும், அதற்கு ஒரு கட்டளை. சேர்க்க ஒரு கட்டளை. வெட்ட ஒரு கட்டளை. மொத்தம் மூன்றே வரி.

முதல் வரியைத் தட்டினேன். புதுசில் சத்தமில்லாமல் முத்திரை விழுந்தது. காலியில் மட்டும் கம்ப்யூட்டர் நின்று ஒரு கேள்வி கேட்டது: இதில் ஏற்கெனவே ஒரு பழைய அடையாளம் இருக்கிறது, அழித்துவிடவா? ஆமாம் என்றால் ஒய் (Y), வேண்டாம் என்றால் என் (N).

காலி டிஸ்க்கில் அடையாளம் எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வீட்டில் அவர் ஏதாவது கேட்கும்போது காதில் வாங்காமலே “ம், ம், சரி” என்பேனே, அதே மாதிரி ஒய்யைத் தட்டினேன். குரூப்புக்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்தேன். பாசம்தான். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பட்டியலில் காலியை முதலில் போட்டேன், புதுசை இரண்டாவதாகப் போட்டேன். அப்படியென்றால் உள்ளே போகிற சரக்கு முதலில் காலியில்தான் விழும். இரண்டிலும் இருந்த மொத்த இடத்தையும் ஒரே துண்டாக வெட்டிக் கட்டினேன், மிச்சமே வைக்கவில்லை. இடம் தீர்ந்துபோன பழைய டிஸ்க்கிலிருந்த சனி, ஞாயிறு பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். மாற்றிய கையோடு பழைய இடத்திலிருந்து அழித்தேன். “மைதானம் ரெடி மேடம்!” என்று கூவினேன். ஆட்கள் உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் கேட்டவள் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் எடுப்போம். சனியும் ஞாயிறும் வெள்ளிக்கு அப்புறம் வருவதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பாருங்கள், இப்போதுகூடக் கிழமை மேல்தான் பழி போடுகிறேன்.

வீட்டில் அந்த இரண்டு நாளும் ஒரே அமைதி. அவர் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையை மாட்டிக்கொண்டு திரிந்தார். வேண்டியதை எழுதிக் காட்டுவார், சட்டை நுனியால் அழிப்பார். “டீ”, “சாவி எங்க”, “நீ கத்தாதே, எனக்குக் காது கேக்குது”. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் நான் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். ஜெயித்துக்கொண்டே இருந்தேன் என்றும் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது எனக்கே சலித்துவிட்டது. அடுப்படியில் நின்று வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். கூடத்திலிருந்து ‘குவாக்’ வரவில்லை. தட்டை நானே எடுத்துக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சுருக்கு வந்தார். பையை வைத்தார். அலமாரியைத் திறந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“காலி எங்க?”

“எந்தக் காலி?”

“அலமாரி.”

“ஓ, அதுவா? புதுசோட சேத்து குரூப் போட்டாச்சு சார். ஜம்முனு ஓடுது.”

அவர் முகம் மாறியது. “காலி” என்றார்.

“ஆமா, காலிதான். அதனாலதானே எடுத்தேன்?”

“இல்ல மேடம். காலி.”

“அதையேதான் நானும் சொல்றேன். காலி!”

“காலி மேடம்! காலி! காலி!” என்று ஒரு வாரத்துக்கான சொற்களை ஒரே மூச்சில் செலவழித்தார். அப்படியும் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடி, நாக்கை வெளியே தொங்கப் போட்டுக் காட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலி என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் எழுதியது ‘ஆள் காலி’ என்கிறோமே, அந்தக் காலி. டிஸ்க் சாகக் கிடக்கிறது, தூக்கிப் போடவேண்டும், அவ்வளவுதான் செய்தி.

“ஏன் சார், கெட்டுப்போச்சுன்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?”

“நீளம்” என்றார்.

அந்த இடத்தில் அவரைக் கொன்றிருப்பேன். ஆனால் அவர் தேவைப்பட்டார்.

சர்வர் அறைக்கு ஓடினோம். காதைக் கிட்டே வைத்துக் கேட்டால் டக், டக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். திரையில் இயந்திரத்தின் குறிப்பேட்டைத் திறந்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து ‘படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை’ என்று பக்கம் பக்கமாக முறையிட்டிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பழைய இடத்தில் அழித்ததை மீட்கலாமா என்று பார்த்தால், அதன் மேல் இரண்டு நாளாக வேறு ஆட்கள் பேசித் தள்ளியிருக்கிறார்கள். வாத்தின் கடைசி மூன்று பாகமும் அந்தச் சாகக் கிடக்கிற டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஒரே வழி இருந்தது. குரூப்பில் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்துவிட்டு, காலியில் இருப்பதை எல்லாம் அதற்கு நகர்த்து என்று கட்டளை கொடுக்கலாம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே துண்டு துண்டாக நகர்த்தும். குரூப் போட்டதில் உள்ள நல்லது அதுதான். ஆனால் அதற்கு நல்ல டிஸ்க் இன்னொன்று வேண்டும், புதுசில்தான் மிச்சமே வைக்கவில்லையே.

“சும்மா” என்றார் சுருக்கு.

“விளையாடாதீங்க சார்.”

“சும்மா, சும்மா” என்று அலமாரியைக் காட்டினார்.

“அதுக்கு என்ன அர்த்தம்? ஒழுங்கா ஒரு முழு வாக்கியத்துல சொல்லுங்க. இல்லன்னா இந்த ரூமை விட்டுப் போகமாட்டீங்க.”

அவர் நெற்றியில் வேர்த்தது. எச்சில் விழுங்கினார். “அந்த டிஸ்க்... நல்லா இருக்கு... உள்ள ஒண்ணும் இல்ல... சும்மா கெடக்கு” என்று சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியும் நான் நம்பவில்லை. சோதனைக் கட்டளை ஒன்றுக்கு இரண்டாகத் தட்டி, நலமாக இருக்கிறது என்று இயந்திரமே சொன்ன பிறகுதான் முத்திரை குத்தினேன். இந்தத் தடவை அது கேள்வியே கேட்கவில்லை. ‘வாத்து’ குரூப்பில் சும்மாவைச் சேர்த்தேன். நகர்த்து என்று தட்டினேன்.

இரண்டு சதவீதம். ஐந்து. ஒன்பது. சுருக்கு ஒரு மின்விசிறியைத் தூக்கிவந்து டிஸ்க்குக்கு நேராக வைத்தார். ஒன்மோர் வந்து எங்கள் பின்னால் நின்றார். நடந்ததை நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? “டிஸ்க் ஒண்ணு கெட்டுப்போச்சு மேடம்” என்றேன். என்னவோ தானாகவே நடந்த மாதிரி. சுருக்கு என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய குணம் அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அறுபத்தொன்றில் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் அசையவே இல்லை. டிஸ்க் மூச்சிரைத்தது. நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்து, பிறகு மொத்தமாக நகர்த்தாமல் இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்று பாத்தி பாத்தியாக நகர்த்தினேன். வர மறுத்த பாத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். தாண்டியதை மறுபடி பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, கெஞ்சிக் கெஞ்சி எடுத்தேன். பன்னிரண்டரைக்கு எல்லாம் வந்து சேர்ந்தது, ஒரு சின்னத் துண்டைத் தவிர. அது மட்டும் எத்தனை தடவை கேட்டும் தரவில்லை. அதன் பிறகு டிஸ்க்கின் டக் டக்கும் நின்றுபோயிற்று. இப்போது அது யாருடைய அர்த்தத்தில் பார்த்தாலும் காலிதான்.

அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று ஒவ்வொரு பதிவாக ஓட்டிப் பார்த்தோம். மூன்று பாகமும் முழுசாக இருந்தன. வாத்தின் சிரிப்பு, வாத்தின் பாட்டு, வாத்து வழுக்கி விழுவது, எல்லாம் இருந்தன. கடைசிப் பாகத்தில் ஒரே ஒரு வரி மட்டும் கரகரவென்று இரைந்துவிட்டுப் போயிற்று. எடுத்த டேக் எல்லாம் அதே பதிவில்தான், எல்லாமே போயிற்று. வாத்துக்கும் ஆமைக்கும் சண்டை, ஆமை கோபித்துக்கொண்டு குளத்தைவிட்டே போய்விடுகிறது, வாத்து தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறது. ஒன்மோர் வசனத் தாளைப் புரட்டி அந்த வரியைப் படித்தார்.

“தப்பு என்மேலதான். நீ இல்லாம இந்தக் குளம் நல்லாவே இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. இருக்கிற ஆயிரம் வரியில் இதுவா போகவேண்டும்!

“ஒரு வரிதானேம்மா” என்றார் ஒன்மோர். “நம்ம தொடர்ல குருவிக்குப் பேசுறவர வச்சு ஒப்பேத்திடலாம். அவரும் வாத்து மாதிரி பேசுவாரு.”

“மாதிரியா?” என்றேன். “பதினொரு வருஷம் ஒருத்தர் தொண்டை கிழியப் பேசியிருக்காரு. கடைசி வரியில வேற ஆளா? நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மேடம்.” டைரக்டரிடம் இப்படியா பேசுவது? பேசிவிட்டேன். நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் அவர் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். துண்டு, லுங்கி, பல் விளக்குகிற பிரஷ். என்னைப் பார்த்ததும் பலகையில் எழுதினார்: “சீக்கிரம் வந்துட்டே?”

“ஒரு டிஸ்க் கெட்டுப்போச்சுங்க.”

புருவத்தைத் தூக்கினார்.

“உங்க சனி, ஞாயிறு ரெக்கார்டிங் அதுலதான் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஒரு வரி மட்டும் போயிடுச்சு.”

உட்கார்ந்தார். எழுதினார்: “எது?” சொன்னேன். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அடுத்து எழுதினார்: “கெட்ட டிஸ்க்ல யார் வச்சது?”

“அது மேல காலின்னு எழுதியிருந்துச்சு. சுருக்குதான் எழுதினாரு. காலின்னா யாரா இருந்தாலும்...”

பலகையைத் தட்டினார். யார் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

“கம்ப்யூட்டர் அழிக்கவான்னு கேட்டுச்சு. சரியாப் பாக்கறதுக்குள்ள...”

இன்னொரு கோடு.

“நான்தான். நான்தான் வச்சேன். கேட்டப்போ ஒய் தட்டினது நான். போதுமா?”

மனுஷன் சிரித்தார். சத்தம் வரக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோபப்படுவார் என்று வந்தவளுக்கு இந்தச் சிரிப்பு கோபத்தை மூட்டியது. “உங்களுக்கு என்ன, சிரிப்பீங்க. அந்த அம்மா குருவிக்காரர வச்சுப் பேச வைக்கலாங்குது” என்றேன்.

சிரிப்பு நின்றது. எழுந்தார். தொண்டையைச் செருமப் போனார், வாயைத் திறந்தார். அந்த வரியை அங்கேயே பேசிவிடப் போகிறார் என்று புரிந்தது. பாய்ந்து அவர் வாயை இரண்டு கையாலும் பொத்தினேன்.

“பேசினீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்! அந்தக் கட்டி கிழிஞ்சு தொலைஞ்சா? வரி போனா போகட்டும், குளம் போனா போகட்டும். எனக்கு நீங்க பேசணும்!”

இத்தனை வருஷமாக அவரைப் பார்த்து ‘வாயை மூடுங்க’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இப்போது நிஜமாகவே மூடிவிட்டு, கையை எடுக்க மனசு வராமல் நின்றேன். என் கையை மெதுவாக விலக்கினார். பிறகு அவர் முகத்தில் ஒரு கள்ளத்தனம் வந்தது. பலகையில் எழுதினார்: “நீ பேசு.”

“நானா?”

“உனக்கு வரும். தினமும் என்னைக் கிண்டல் பண்ணுவியே.”

மணி ஒன்றே முக்கால். துணி அலமாரியைத் திறந்தார். வீட்டில் பேசிப் பழக அவர் வைத்திருக்கும் மைக்கை எடுத்து போனில் சொருகினார். சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டால் எதிரொலி வராது. என்னைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். அவருடைய சட்டைகளுக்கும் என் புடவைகளுக்கும் நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு கறுப்புத் திரைக்காரி நான், நாற்பது வயசில், வாத்தாகப் பேச நின்றேன்.

“தப்பு என்மேலதான்” என்றேன்.

பலகை என் மூக்குக்கு நேரே வந்தது: “திட்டுற மாதிரி இருக்கு.”

மறுபடி பேசினேன். “தொண்டைல இல்ல. கன்னத்துல.” மறுபடி. “மூக்கு அடைச்ச வாத்து.” மறுபடி. “கணக்கு டீச்சர்.” இந்த மனுஷன் வேண்டுமென்றே செய்கிறார் என்று ஐந்தாவது தடவைதான் உறைத்தது. பதினொரு வருஷமாகக் கேட்கக் கிடைக்காத ஒரு சொல்லை நிமிஷத்துக்கு ஒருமுறை என் வாயால் சொல்ல வைத்துச் சப்புக்கொட்டுகிறார்! திரும்பிப் பார்த்தேன். கண்ணில் அத்தனை குறும்பு. ஆனால் பார்வை அடிக்கடி கட்டி வைத்த பெட்டிப் பக்கம் போய்வந்தது. மறுநாள் காலை ஆபரேஷனை நினைத்து அவருக்கும் பயம்தான். அதை எழுதிக் காட்டமாட்டார்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். கன்னத்தில் காற்றை அடக்கினேன். வாத்து வந்தது, நிஜ வாத்து. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

“தப்பு என்மேலதான். உங்க சத்தம் இல்லாம இந்த வீடு நல்லாவே இல்ல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. சட்டைகளுக்குள்ளேயே அழுதேன். வாத்துக் குரலில் அழ ஆரம்பித்து, பாதியில் என் குரலுக்கு மாறி அழுதேன்.

பிறகு எழுதுகிற கீச் சத்தம் கேட்டது. “வசனம் தப்பு. இதை அனுப்பமாட்டேன். இது எனக்கு.” அதற்குக் கீழே சின்னதாக: “இன்னொரு தடவை. குளம்னு சொல்லு.”

இன்னொரு தடவை குளம் என்று சொன்னேன். அதை ஒன்மோருக்கு அனுப்பினோம். “இது எப்ப எடுத்தது? இவர் எங்கிட்டகூட இவ்வளவு நல்லாப் பேசினதில்லையே!” என்று பதில் வந்தது. இன்று வரை அவருக்குத் தெரியாது. சுருக்குக்குத் தெரியும், ஆனால் அவர் எங்கே சொல்லப் போகிறார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். அந்த மூன்று வாரமும் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். “அதை அழிச்சிடுங்க. யாராவது கேட்டா என் மானம் போயிடும். அழிச்சிடுங்க.” அவர் பலகையை எடுக்கவே மாட்டார், போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு புன்னகைப்பார். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். பூட்டை மாற்றியிருந்தார், கள்ளன்.

இருபத்திரண்டாம் நாள் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் குழாயை எடுத்துவிட்டு, காயம் ஆறிவிட்டது, வாத்தை மட்டும் ஒரு வருஷத்துக்கு நினைக்கக்கூட வேண்டாம், அதற்கப்புறமும் சொல்ல முடியாது என்றார். “இப்ப மெதுவா ஏதாவது ஒண்ணு பேசிப் பாருங்க” என்றார்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். எச்சில் விழுங்கினார். வந்தது அவருடைய பழைய குரல் இல்லை. தாழ்ந்து, மணல் தேய்கிற மாதிரி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல்.

“அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. மூணு எடத்துல காப்பி எடுத்து வச்சிருக்கேன்.”